பக்கத்து பெஞ்சு

இந்த வருஷம் திடப்படுத்தல் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கும், முன்பே எடுத்துவிட்டு இப்போது பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சபையில் பெரியவர்கள் இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் டீச்சர் பாட்டி என்கிறீர்கள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் நிறைய உண்டு. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானோபதேச வினாவிடை. எல்லாம் வேண்டியவைதான். பேராயர் வரும் நாளில் வெள்ளை உடுத்தி வரிசையாக முழங்கால்படியிடுவீர்கள். தலையில் கைவைத்து ஜெபிப்பார். முதல் தடவையாகத் திருவிருந்து எடுப்பீர்கள். வீட்டில் பிரியாணி, சொந்தக்காரர்கள், போட்டோ. மறுநாள் திங்கட்கிழமை காலையில் ஸ்கூல் பஸ் வந்து நிற்கும். அதில் ஏறின பிறகு உங்களுக்கு வருகிற கேள்விகள் வினாவிடைப் புத்தகத்தில் இல்லை.

எனக்குத் தெரியும், ஏனென்றால் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று அந்தக் கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். திரித்துவத்தைப் பற்றி ஒரு பிள்ளையும் அப்படி நின்று கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அத்தை கோயில் கொடைக்குப் பொங்கலிட்டுக் கொண்டுவந்து தந்தால் சாப்பிடலாமா? டியூஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட் வைக்கிறார்கள், என்ன செய்ய? என் ஃபிரெண்ட் பரீட்சையில் பேப்பரைக் காட்டச் சொல்கிறாள், காட்டாவிட்டால் பேசமாட்டாள். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை, நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா?

முதலில் அந்தப் பொங்கல். இது உங்களைப்போல எத்தனையோ பேரைக் குழப்பின கேள்வி. கொரிந்து பட்டணத்தில் இருந்த விசுவாசிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே கடைத்தெருவில் விற்ற இறைச்சியில் ஒரு பங்கு கோயில்களில் பலியிடப்பட்டதாக இருக்கும். வாங்கலாமா, விருந்துக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று கேட்டார்கள். பவுல் முதலாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் இதற்கு நின்று நிதானமாகப் பதில் எழுதுகிறார். உணவு நம்மைத் தேவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் இல்லை, தூரத்தில் தள்ளுவதும் இல்லை என்பது அவர் கருத்து. விசுவாசியாக இல்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு, உனக்கும் போக மனம் இருந்தால், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். இன்னொருவருடைய மனச்சாட்சி அதனால் புண்படுமானால் அவருக்காக நிறுத்திக்கொள் என்றும் சொல்கிறார். படைத்தது என்று தெரிந்தால் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் போதகர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அதுதான் வழக்கம் என்றால், அப்பா அம்மாவை எதிர்த்துச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எப்படி மறுக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை உண்டு. அந்த அத்தை அடுப்புப் புகையில் நின்று, உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் எடுத்துவைத்துக் கொண்டுவருகிறார்கள். அதைக் கதவிடுக்கில் நின்று "எங்களுக்கு வேண்டாம், நாங்க கிறிஸ்டியன்" என்று சொல்லி அனுப்புவது பக்தியாகாது. வாங்கிக் குப்பையில் கொட்டுவது அதைவிட மோசம். கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுக்கிற கேக்கையும் முறுக்கையும் அவர்கள் இதுவரை எதுவும் கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட மனம் இடம் கொடுக்கவில்லை என்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு காப்பி கொடுத்து, அன்பாகச் சொல்லுங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள். நம் தெருக்களில் இத்தனை காலம் அப்படித்தான் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இனி நீங்கள் யாரும் என்னிடம் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கையில் கட்டுகிற கயிற்றைப் பற்றிப் பேசவேண்டும். நம் திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் என்ன நிறத்தில் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்தே இன்ன சாதி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். சிலர் சட்டைக்குள் டாலரிலும் பைக் ஸ்டிக்கரிலும் போனின் பின்பக்கத்திலும் அதைச் சுமக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. தன்னைக் கூடப்படிக்கும் பையன்கள் சாதியைச் சொல்லிக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று ஒரு தலித் மாணவன் பள்ளியில் சொன்னான். அன்று இரவே அரிவாளோடு அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. வெட்டினவர்களும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான். பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024-இல் வந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை.

நாம் கிறிஸ்தவர்கள், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். புதிதாக ஒருவர் சபைக்கு வந்தால், பெயர் கேட்ட கையோடு நம் ஆட்கள் கேட்கிற அடுத்த கேள்வி என்ன? "சொந்த ஊர் எது?" ஊர்ப்பெயரைக் கேட்டு எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கல்யாண விளம்பரத்தில் "தேவ பயமுள்ள மணமகள் தேவை" என்று போட்டு, அதே வரியில் சாதியையும் போடுகிறார்கள். சபைத் தேர்தல் வந்தால் யார் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று ஜெபம் பண்ணாமலே சொல்லிவிடலாம். பெரியவர்கள் இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாலும், சாப்பாட்டு மேசையில் பேசிப் பேசிக் காதில் ஏற்றியிருக்கிறார்கள்.

திருவிருந்தில் என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்கால்படியிடுகிறோம். வலது பக்கம் யார், இடது பக்கம் யார் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே பாத்திரம் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு வருகிறது. அதைக் குடித்துவிட்டு எழுந்தவன் மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, இன்ன சாதிக்காரன் தொட்டால் நான் சாப்பிடமாட்டேன் என்று நினைத்தால், அல்லது அப்படி நினைக்கிற கூட்டத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால், முந்தின நாள் எதைக் குடித்தான்?

வரலாறு டீச்சர் என்பதால் ஒரு ஊரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடக்கன்குளம் நமக்குப் பக்கம்தான், கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் பிரிந்து போகவேண்டும். 1745-இல் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை அந்த ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். ஒதுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டினார்கள். பலிபீடம் ஒன்று, ஆனால் சனங்கள் நிற்கிற இடம் கால்சட்டை விரித்ததுபோல இரண்டு பிரிவு. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இன்னொரு பக்கம், நடுவில் தடுப்பு. நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியும் தேவசகாயத்தின் வாழ்க்கை அந்தச் சனங்களுக்குள் இறங்கவில்லை. 1910-இல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை எடுத்தார். பிரிவினை வேண்டும் என்றவர்கள் சும்மா இருக்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது, அங்கேயும் அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. கோயிலுக்குள் தனியாக நிற்க உரிமை கேட்டுக் கிறிஸ்தவர்களே கோர்ட் வாசலில் நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. சீர்திருத்த சபையாகிய நாம் அவர்களைக் கைநீட்டிப் பேசவும் முடியாது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இருக்கக்கூடாது என்று கண்டிப்பாக எழுதினபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில், நாம் இன்றைக்கும் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதின வேதநாயகம் சாஸ்திரியாரும் இருந்தார். அவர் பாட்டை நான் பாடாமல் இருப்பதில்லை. ஆனால் பாடத் தெரிந்ததாலே எல்லாம் சரியாகிவிடாது என்று அவரை வைத்தே புரிந்துகொள்கிறேன்.

நம் பக்கத்தில் இன்னொருவர் பிறந்தார். வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டு ஊரில், 1874-இல், ஒரு குருவானவரின் மகனாக. சாமுவேல் அசரியா. படிக்கிற காலத்திலேயே சாதி வேற்றுமையைக் குறைக்க நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார். 1903-இல் நம் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் முக்கியமானவர். பிறகு தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டார். அங்கே அவரோடு சபையாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா சனங்கள். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், எடின்பரோவில் உலகமெங்கும் இருந்து மிஷனெரிகள் கூடின மாநாட்டில் எழுந்து நின்று அவர் கேட்டது பணமோ கட்டடமோ ஆட்களோ இல்லை. வெள்ளைக்காரர்களான நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ செய்கிறீர்கள், நண்பர்களாகப் பழகத்தான் தயங்குகிறீர்கள் என்ற கருத்தில் பேசி, நட்பைக் கேட்டார். மாநாட்டில் இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தேரிக்காட்டுப் பையன் அந்தச் சபையில் அதைச் சொன்னான் என்பதை உங்கள் பையில் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாநாட்டில் பேச வேண்டாம், ஊர்வலம் போக வேண்டாம். கயிறு கட்டியிருந்தால் கழற்றுங்கள். வகுப்பில் யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று பாருங்கள், போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் கூட்டு பொரியலை அவனுக்கு வையுங்கள், அவனுடையதை வாங்கிச் சாப்பிடுங்கள். அவன் சாதி என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாம். உங்கள் கூட்டத்தில் சாதியைச் சொல்லி ஒருவனைக் கேலி செய்யும்போது, "விடுலே, இப்படிப் பேசாதே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். உயிர் பயம் வருகிற அளவுக்குப் போனால் தனியாக மோதாமல் டீச்சரிடம், வீட்டில், என்னிடம், யாரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறைத்து வைக்க வேண்டாம்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். காலையில் ஸ்டேட்டஸில் வசனம் போடுங்கள், தவறில்லை. அன்றைக்கே ராத்திரி கூடப்படிக்கும் பெண்ணின் படத்தை யாரோ குரூப்பில் போட்டு அசிங்கமாக எழுதினால், சிரிக்கிற பொம்மையை அனுப்புகிற விரலும் அதே விரல்தான். ஒரே வாயிலிருந்து துதியும் சாபமும் புறப்படக்கூடாது என்று யாக்கோபு எழுதின காலத்தில் போன் இல்லை, ஆனால் அவர் பேசினது இதைத்தான். அந்தக் குரூப்பிலிருந்து வெளியேறினால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளைக்கு நடப்பது தெரியவேண்டும், அவள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு பெரியவருக்கும் தெரியவேண்டும். காட்டிக்கொடுத்தவன் என்று பேர் வரும். வரட்டும்.

பரீட்சை நேரத்தில் நம் சபைகளில் பேனாக்களை வைத்து ஜெபிக்கிற பழக்கம் உண்டு. பயந்துபோன பிள்ளைக்கு அது ஒரு தைரியம், நான் குறை சொல்லவில்லை. ஜெபித்த அந்தப் பேனாவால் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதாமல் இருந்தால் சரி. ஃபிரெண்ட் பேப்பரைக் காட்டச் சொல்கிறாள் என்று கேட்ட பிள்ளைக்கும் இதுதான் பதில். முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தெரியாததைச் சொல்லிக்கொடு, பரீட்சை அறையில் காட்டாதே. இரண்டு நாள் பேசமாட்டாள், பிறகு பேசுவாள்.

மார்க் குறைந்தால்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. "ஜெபம் போதவில்லை", "ஆண்டவர் ஏதோ காரணத்துக்காகத் தடுத்திருக்கிறார்" என்று, அழுதுகொண்டிருக்கிற பிள்ளையின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறவர்கள் உண்டு. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. நீங்கள் தோற்றால் ஆண்டவர் உங்களைக் கைவிட்டார் என்று அர்த்தம் இல்லை. துணைத் தேர்வு இருக்கிறது, வேறு படிப்பு இருக்கிறது. ரிசல்ட் வருகிற நாளில் மனம் உடைந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். என் வீடு உங்களுக்குத் தெரியும், எத்தனை மணியானாலும் வந்து கதவைத் தட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைத்தால் விடியற்கால ஆராதனைக்கு வந்துவிட்டுப் போங்கள். ஆராதனையை மாதக்கணக்கில் விடவேண்டி வந்தால், அப்பாவோ அம்மாவோ போய் டியூஷனில் பேசவேண்டும். பேசினால் நேரத்தை மாற்றிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் தலையில் மட்டும் அதைப் போடக்கூடாது.

ஜெபத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்ற பிள்ளைக்கு: தோன்றாவிட்டால் பரவாயில்லை. கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லிவிட்டுத் தூங்கு. உனக்கு வார்த்தை வராத நாளுக்காகத்தான் ஆண்டவர் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சந்தேகம் வந்தால் என்னிடம் கேள், நம் சபை ஐயரிடம் கேள். சந்தேகப்பட்ட தோமாவுக்கும் ஆண்டவர் தம்முடைய காயத்தைக் காட்டினார், அவனை வெளியே தள்ளவில்லை.

வேதத்தில் உங்கள் வயதுக்காரர்கள் என்றால் தாவீதையும் தானியேலையும் சொல்லிக்கொடுப்போம். எனக்குப் பிடித்தவள் பெயர்கூட இல்லாத ஒரு பெண். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறாள். சீரியர்கள் கொள்ளையடிக்க வந்தபோது இஸ்ரவேலிலிருந்து பிடித்துக்கொண்டுபோன சிறுபெண், படைத்தலைவன் நாகமானின் வீட்டில் அவன் மனைவிக்கு வேலைக்காரி. அவளை வீட்டிலிருந்து பிரித்தவர்கள் அவர்கள். அந்த நாகமானுக்குக் குஷ்டரோகம். போகட்டும் என்று அவள் விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், எஜமான் அவரிடம் போனால் சுகம் கிடைக்கும் என்று எஜமானியிடம் சொல்கிறாள். அவ்வளவுதான் அவள் பேசுவது. பிறகு கதை ராஜாக்களையும் தீர்க்கதரிசியையும் யோர்தான் ஆற்றையும் பற்றிப் போகிறது, அவளைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் இல்லை. வீட்டு வேலைக்கு நடுவில், தன்னைச் சிறைப்பிடித்தவன் பிழைக்கவேண்டும் என்று நினைத்தவள் அவள். வேற்று மத நண்பர்களுக்கு எப்படிச் சாட்சியாக இருப்பது என்று கேட்கிறீர்களே, அவளைப் பாருங்கள். அவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்புங்கள். அவர்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் போய்ப் பாருங்கள். நீ எதை நம்புகிறாய் என்று அவர்களாகக் கேட்டால் சாந்தமாகச் சொல்லுங்கள். கேட்காதவன் பையில் கைப்பிரதியைத் திணிக்க வேண்டாம்.

வீட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் சாப்பிட்ட தட்டைக் கழுவிவையுங்கள். அம்மா ஆராதனைக்கும் முந்தி எழுந்து சமைத்துவிட்டு, ஆராதனை முடிந்து வந்து பாத்திரம் தேய்க்கிறார்கள். ஓய்வுநாள் அவர்களுக்கும் உண்டு. நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து சபைக்குக் கொண்டுவருவார்கள். தோர்ணக்கல்லுக்குப் போன மிஷனெரிகளைத் தாங்கினது அப்படிக் கொடுக்கத் தெரிந்த குடும்பங்கள்தான். இருந்ததே கொஞ்சம், அதில்தான் எடுத்தார்கள். உங்களுக்குக் கிடைக்கிற கைச்செலவுப் பணத்திலும் ஒரு பிடி எடுக்க இடம் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரும்போது வினாவிடையில் மனப்பாடம் எதுவும் கேட்கமாட்டேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் இதுவரை நீங்கள் சேர்ந்து சாப்பிட்டிராத ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், சபையில் யாருக்கும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்ன பாடம் கஷ்டம், வீட்டில் எத்தனை பேர், என்ன விளையாட்டு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அதை வைத்துத்தான் அன்றைக்கு ஜெபம் பண்ணப்போகிறோம்.